மூன்றாம் குழாயின் நாடி

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. கற்பூரம் ஏற்றி அணைத்துச் சத்தியம் செய்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும் என்று நினைத்தேன். ஆனால் நான் இப்போது இருக்கும் முதியோர் விடுதியில் ஒரு ஊதுபத்தி கொளுத்தினாலே கூரையில் இருக்கும் புகைமணி அலறும். தீயணைப்பு வண்டி வரும். ஐந்து பேர் தொப்பியும் கோடரியுமாக என் கட்டிலுக்கு அடியில் தேடுவார்கள். ஆகையால் கற்பூரத்தை மனசுக்குள் ஏற்றி மனசுக்குள்ளேயே அணைத்துவிட்டேன். எனக்கு எண்பத்தொன்பது வயது. பொய் சொல்லி இனிமேல் கட்டிக்கொள்ள ஒரு பெண்ணும் இல்லை, ஏமாற்ற ஒரு முதலாளியும் இல்லை.

1978ஆம் வருஷம் நான் ஆஸ்திரேலியாவில், சிட்னியை ஒட்டிய லிட்கமில் ஒரு போல்ட்டு நட்டுத் தொழிற்சாலையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தேன். சொந்த ஊர் சூலூர். பெயர் பழனிசாமி. முதல் வாரம் வெள்ளைக்காரர்கள் அதை முழுசாகச் சொல்லிப் பார்த்தார்கள். இரண்டாம் வாரம் 'பால்' என்று வைத்துவிட்டார்கள். நானும் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டேன்.

அந்த வருஷம் மார்ச் மாதம் கூட்டிப் பெருக்கும் வேலைக்கு அரியரத்தினம் வந்து சேர்ந்தார். இலங்கைத் தமிழர், நாற்பது வயது இருக்கும். லேத்துக்கு அடியில் இரும்புச் சுருள் விழுந்து கிடக்கும். விழுந்த சூட்டில் நீல நிறமாக இருக்கும். விளிம்பு சவரக் கத்தி. அதை எல்லாரும் முள்கரண்டி போன்ற ஒரு கம்பியால்தான் இழுப்பார்கள். இவர் முறுக்கு அள்ளுவதுபோல வலது கையால் அள்ளி வாளியில் போட்டார். நான் லேத்தை நிறுத்திவிட்டேன்.

"ஏனுங்க, கை சுடலீங்களா?"

"தெரியேல்லை."

"வெட்டாதுங்களா?"

அவர் கையைத் திருப்பிப் பார்த்தார். "தெரியேல்லை" என்றார். ஒரு கீறல்கூட இல்லை. நான் பக்கத்தில் போய்ப் பார்த்தேன்.

தெரியேல்லை என்பதுதான் அவர் அதிகமாகச் சொன்ன சொல். பசிக்கிறதா என்று கேட்டால் தெரியேல்லை. குளிர்கிறதா, தெரியேல்லை. சம்பளம் கூட்டிக் கொடுத்தார்களே சந்தோஷமா, அதற்கும் தெரியேல்லை. மேற்பார்வையாளர் இவரை முரடர் என்று நினைத்து மரியாதை கொடுத்தார்.

அவர் மனைவி கமலினி நர்ஸ். பரமட்டாப் பக்கம் பெரிய ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்து, அதை வைத்துத்தான் இருவரும் சிட்னி வந்தார்கள். மெரிலேண்ட்ஸில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. ஊரில் நடந்ததைக் கமலினிதான் எங்களிடம் சொன்னார், ஒரே தடவை. அரியரத்தினம் ஊரில் டீசல் மெக்கானிக். சொந்தக் கராஜ். எழுபத்தேழு ஆவணிக் கலவரத்தில் கராஜைக் கொளுத்தினார்கள். உள்ளே தம்பி சிறிதரன் இருந்தான். அரியரத்தினம் கராஜின் இரும்புக் கதவை வலது கையால் பிடித்து இழுத்தார். கதவு திறக்கவில்லை.

அன்றிலிருந்து அந்தக் கைக்கு உணர்ச்சி இல்லை. பார்க்க நல்ல கை. ஒரு தழும்பு கிடையாது. கமலினி வேலை செய்த ஆஸ்பத்திரியிலேயே காட்டினார்கள். டாக்டர் ஊசியால் குத்தினார், பனிக்கட்டி வைத்தார், எக்ஸ்ரே எடுத்தார். நரம்பில் ஒரு குறையும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். குத்திய ஊசிகளில் ஒன்றை எடுக்க மறந்துபோனார். அரியரத்தினம் அதோடு ரயிலேறி வீட்டுக்கு வந்து, தேநீர் குடித்து, பேப்பர் படித்தார். சாயங்காலம் கமலினிதான் பிடுங்கினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கமலினி எங்கள் வீட்டுக்கு வந்து, சமையலறையில் என் மனைவி நாகலட்சுமிக்கு வெங்காயம் உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் அடுத்த அறையில் பேப்பரைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். படிக்கவில்லை.

"ரீவி பாக்கேக்கை அவர் என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு இருப்பார் அக்கா" என்றார் கமலினி. "நான் தண்ணி குடிக்கக் குசினிக்குப் போட்டு வந்து பாத்தா, அவற்றை கை அப்பிடியே பிடிச்சபடி இருக்கும். வெறும் காத்தை. நான் கையை எடுத்ததே அவருக்குத் தெரியாது."

"தம்பிக்காக அழுதாரா?"

"இல்லை. நானும் இப்ப அழுறதில்லை. ஒராள் அழாத வீட்டிலை மற்றாள் எவ்வளவு நாளைக்கு அழுறது?"

"பின்ன என்னதான் வேணும் உங்களுக்கு?"

"ஒண்டும் வேண்டாம். நான் கையை எடுத்தா எடுத்தது அவருக்குத் தெரிஞ்சாப் போதும்."

வெங்காயம் உரித்தது கமலினி; நீர் வந்தது நாகலட்சுமியின் கண்ணில்தான். அன்று சாப்பாட்டின்போது என்னைப் பார்த்துச் சொன்னாள். "ஏனுங்க, அந்தக் கைக்கு ஒரு உருப்படியான வேலை குடுங்க. இரும்புக் குப்பை அள்ளுறதெல்லாம் ஒரு வேலையா? டீசல் எஞ்சின் எங்கியாச்சும் கெடைக்காதா இந்த ஊர்ல?"

கிடைத்தது. எங்கள் வீட்டுக்கு மேற்கே ஐந்து கிலோமீட்டரில் சார்லி என்று ஒரு மால்டாக்காரர் கோழிப்பண்ணை வைத்திருந்தார். பண்ணைக்குப் பின்னால், இடுப்பளவு புல்லுக்குள் ஒரு பழைய டீசல் வண்டி நின்றது. முன்னால் இரண்டு பேர் உட்கார இடம், பின்னால் திறந்த பெட்டி. இங்கே அதை யூட் என்பார்கள். அரியரத்தினம் கடைசிவரை பிக்கப் என்றே சொன்னார். இருபது வருஷ வண்டி; எட்டு வருஷமாக ஓடவில்லை. எடுத்துக்கொண்டு போனால் போதும் என்றார் சார்லி. ஒரே நிபந்தனை. ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு கறுப்புக் கோழி குடியிருந்தது. அதுவும் வண்டியோடு சேர்த்தி, பிரிக்கக் கூடாது என்றார்.

என் காரில் கயிறு கட்டி இழுத்து வந்தோம். அரியரத்தினம் பிக்கப்பில் உட்கார்ந்து ஸ்டீயரிங் பிடித்தார். கோழி ஐந்து கிலோமீட்டரும் அவர் வலது கையைக் கொத்திக்கொண்டே வந்தது. வீட்டு வாசலில் அது அலகைத் திறந்தபடி களைத்துப்போய்க் கிடந்தது. அவரிடம் கேட்டேன், கோழி கொத்தியதா என்று. என்ன சொன்னார் என்று நான் எழுத வேண்டியதில்லை. அந்தக் கோழி பிறகு தினம் ஒரு முட்டை இட்டது. டீசல் வாசம் அடிக்கும். சட்டியில் எண்ணெய் விடாமலே பொரிக்கலாம்.

ஜூன் மாதம் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் வேலையைத் தொடங்கினோம். சனி, ஞாயிறு பகலில்தான். இந்த ஊரில் ஜூன் என்றால் குளிர்காலம். அந்த வருஷக் குளிர் சாதாரணக் குளிர் இல்லை. முந்தின நாள் காயப்போட்ட என் வேட்டியை நாகலட்சுமி காலையில் மடிக்க முடியாமல் கதவைத் தூக்கி வருவதுபோல் தூக்கி வந்து சுவரில் சாய்த்து வைத்தாள். நான் கையுறை போட்டுக்கொண்டு ஸ்பேனர் பிடித்தேன். அவர் வெறுங்கையோடு பிடித்தார்.

பிஸ்டன் நாலும் சிலிண்டரோடு இறுகிக் கிடந்தன. மேலே டீசலை ஊற்றி இரண்டு வாரம் ஊறவிட்டோம். பிறகு அவர் ஒரு மரக்கட்டையை வைத்துச் சுத்தியலால் ஒவ்வொன்றாகத் தட்டி இறக்கினார். குறி தவறி நாலைந்து அடி வலது கையில் விழுந்தது. அடி விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது. அவர் சுத்தியல் உடைந்துவிட்டதா என்றுதான் பார்த்தார். சீட்டுக்கு அடியில் கையை விட்டபோது சிவப்பு முதுகுச் சிலந்தி ஒன்று கடித்தது. இந்த ஊரில் அது கடித்தால் ஆஸ்பத்திரிக்கு ஓடுவார்கள். அவர் கவனிக்கவேயில்லை. சிலந்தி இன்னொரு தடவை கடித்துப் பார்த்தது. பிறகு மெதுவாக இறங்கி, கொட்டகைக் கதவு வழியாக வெளியே போய்விட்டது. அதன்பின் அந்தக் கொட்டகையில் ஒரு சிலந்தியை நான் கண்டதில்லை.

பேச்சு மிகக் குறைவு. நான்தான் எதையாவது போட்டு இழுப்பேன்.

"உங்க ஊர்ல ஸ்பேனரை என்னன்னு சொல்லுவீங்க?"

"ஸ்பனர்."

"சுத்தமான தமிழுங்க."

"ஓம்."

அரை மணி கழித்து, வால்வைத் தேய்த்துக்கொண்டே அவராகச் சொன்னார். "தம்பி வலு நல்லா வால்வு தேய்ப்பான்." வால்வு தேயும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. முகத்தைப் பார்த்தேன். வால்வைப் பார்க்கும் முகம்தான்.

ஜூலைக் கடைசி சனிக்கிழமை எஞ்சின் கூடிவிட்டது. டாங்கில் டீசல் ஊற்றினோம்.

"கொஞ்சம் மண்ணெண்ணையும் விட வேணும், பழனியண்ணை" என்றார். "இந்தக் குளிருக்கு வெறும் டீசல் இறுகிப்போம். மலைநாட்டுப் பக்கம் லொறிக்காரர் அப்பிடித்தான் செய்யிறவை."

நான் வீட்டுக்குள் போய் மண்ணெண்ணெய் டின்னைத் தூக்கி வந்து கவிழ்த்தேன். அதில் இருந்தது மண்ணெண்ணெய் இல்லை. நாகலட்சுமியின் அண்ணன் ஈரோட்டுச் செக்கில் ஆட்டிக் கப்பலில் அனுப்பிய நல்லெண்ணெய். ஒரு வருஷச் சனிக்கிழமைக் குளியலுக்கும் ஊறுகாய்க்கும் அதுதான். நல்லெண்ணெய் டின் என்று தெரிந்தால் நான் இட்லிப் பொடிக்கு ஊற்றியே தீர்த்துவிடுவேன் என்று, மண்ணெண்ணெய் டின்னைச் சோப்புப் போட்டுக் கழுவி அதில் ஒளித்து வைத்திருக்கிறாள். விஷயம் தெரிந்ததும் அவள் ஒன்றும் சொல்லவில்லை. பதினோரு நாள் ஒன்றும் சொல்லவில்லை.

ஊற்றும்போது எனக்கு மூக்கடைப்பு. அரியரத்தினத்துக்கு மணம் தெரிந்ததா என்று பிற்பாடு கேட்டேன். தெரியேல்லை என்றார்.

எஞ்சின் மூன்றாவது சுற்றில் பிடித்துக்கொண்டது. புகைக்குழாயிலிருந்து வெள்ளையாகப் புகை வந்தது. அது வடை மணம். மெரிலேண்ட்ஸ் முழுக்கப் பரவியது. அன்றைக்கு அந்தச் சுற்று வட்டாரத்தில் இருந்த தமிழ்க் குடும்பங்கள் மொத்தம் ஏழு. ஒரு மணி நேரத்துக்குள் ஏழும் எங்கள் வாசலில் நின்றன. பரமட்டாவிலிருந்து வாசுதேவன் என்பவர் குடும்பத்தோடு ரயிலில் வந்துவிட்டார். "எங்களுக்குச் சொல்லவே இல்லையே, என்ன விசேஷம்?" என்று கேட்டார். அவருடைய மனைவி வைதேகி கையில் ஒரு காலித் தூக்குவாளி இருந்தது. தேநீர் கொடுத்து அனுப்பினோம். தூக்குவாளியில் கொஞ்சம் முட்டை.

ஆனால் எஞ்சின் சரியாக ஓடவில்லை. நாலு சிலிண்டரில் ஏதோ ஒன்று விட்டு விட்டுத் தவறியது. நொண்டி நடப்பதுபோல ஒரு ஓட்டம்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. ஒரு பம்பு டீசலை அழுத்தி, பேனாக் கனத்தில் இருக்கும் நாலு இரும்புக் குழாய் வழியாக நாலு சிலிண்டருக்கும் பீய்ச்சும். பீய்ச்சும்போதெல்லாம் குழாய் ஒரு துடிப்புத் துடிக்கும். எது கெட்டது என்று பார்க்க, சாதாரண மெக்கானிக் ஒவ்வொரு குழாயின் நட்டையும் தளர்த்திப் பார்ப்பான். நாங்களும் தளர்த்தினோம். தளர்த்தியவுடன் வண்டி நல்ல பிள்ளைபோல ஓடும். முடுக்கியதும் பழையபடி நொண்டும். நல்லெண்ணெய் எங்கோ திரிதிரியாக உறைந்து, அடைப்பதும் விடுவதுமாக இருந்தது. இந்த மாதிரிக் கள்ளக் குறையைப் பிடிக்க ஒரே வழி, ஓடும்போதே குழாயில் விரல் வைத்து நாடி பார்ப்பது. ஊரில் அரியரத்தினம் அதற்குப் பேர்போனவர். வேறு கராஜ்களிலிருந்து ஆள் அனுப்பி அவரைக் கூட்டிப் போவார்களாம். விரலை வைத்து மூன்று எண்ணுவதற்குள் சொல்லிவிடுவாராம்.

அவர் முதல் குழாயில் விரல் வைத்தார். இரண்டாவதில் வைத்தார். நாலு குழாயும் பார்த்துவிட்டு மறுபடி முதல் குழாய்க்கு வந்தார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. கால் மணி நேரம் இருக்கும்.

"தெரியேல்லை" என்றார்.

அந்தச் சொல்லை நான் நூறு தடவை கேட்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் அதைச் சொன்னவரும் கேட்டார் என்று நினைக்கிறேன். ஒரு பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். "நீங்கள் ஒருக்காப் பிடிச்சுப் பாருங்கோ அண்ணை" என்றார்.

நான் பிடித்துப் பார்த்தேன். எனக்கு நாலும் துடித்தன. எது நோஞ்சான் எது பலசாலி என்று பிரிக்க என் விரலுக்குப் படிப்பில்லை. "எல்லாம் துடிக்குதுங்க" என்றேன். அவர் தலையாட்டினார்.

"வண்டியைச் சார்லிக்கே திருப்பிக் குடுத்திருவமா?" என்று கேட்டேன், கோபம் வரட்டும் என்று.

"ஓம். குடுப்பம்" என்றார்.

கோபம்கூட வரவில்லை. கொட்டகைக்கு வெளியே போய் வாசுதேவன் குடும்பம் குடித்த தேநீர்க் கோப்பைகளை எண்ணிக்கொண்டு நின்றேன்.

மூன்று மணிக்குக் கமலினி வேலை முடிந்து அப்படியே வந்தார். வெள்ளைச் சட்டை, மார்பில் தலைகீழாகக் குத்திய நர்ஸ் கடிகாரம். ரயில் நிலையத்திலிருந்து அந்தக் காற்றில் நடந்து வந்ததில் உதடு வெளுத்திருந்தது. நான் விஷயத்தைச் சொன்னேன். நேரே உள்ளே போனார். நானும் பின்னாலேயே போனேன்.

"இஞ்சருங்கோ, எங்கை பிடிக்க வேணும்?" என்று கேட்டார்.

"உமக்கு விளங்காது" என்றார் அரியரத்தினம், உட்கார்ந்தபடியே.

"காலமை ஆறு மணியிலையிருந்து முப்பத்திரண்டு பேற்றை நாடி பிடிச்சிட்டு வாறன். இதுக்கென்ன, காய்ச்சலா?"

அரியரத்தினம் எழுந்தார். "ஒவ்வொண்டாப் பிடியும். விரல் நுனியாலை. அமத்தாதையும்."

கமலினி முதல் குழாயில் மூன்று விரல் வைத்துக் கடிகாரத்தைப் பார்த்தார். "இது ஒழுங்கா அடிக்குது." இரண்டாவது. "இதுவும் அப்பிடித்தான்." மூன்றாவதில் கை நின்றது. "இது... ஏதோ ஒரு மாதிரி."

"என்ன மாதிரி?"

"சொல்லத் தெரியேல்லை."

அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து அன்றைக்குத்தான் கேட்டேன். அரியரத்தினமும் அவரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு வலது கையை நீட்டி, குழாயின்மேல் இருந்த கமலினியின் கைமேல் வைத்தார். எஞ்சின் நொண்டிக்கொண்டிருந்தது. கோழி சீட்டுக்கு மேல் ஏறி நின்று பார்த்துக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் என்று கேட்டால் கடிகாரம் பார்த்தவர் கமலினி. அவரும் அப்போது பார்க்கவில்லை.

"மூண்டு அடிச்சு ஒண்டு விடுது" என்றார் அரியரத்தினம்.

கையை அங்கேயே வைத்திருந்தார்.

"உம்மட கை குளிருது" என்றார்.

"வெளியிலை காத்து. நடந்து வந்தனான்."

"கையுறை போடேல்லையே?"

"மறந்துபோனன்."

கமலினி மெதுவாக, மிக மெதுவாகக் கையைக் கீழே இருந்து உருவப் பார்த்தார். முழங்கைகூட அசையவில்லை. அரை அங்குலம் இருக்கும்.

"எடுக்காதையும்" என்றார் அரியரத்தினம்.

நான் எஞ்சினை நிறுத்தப் போனேன். பிறகு நிறுத்தவில்லை. கையில் வேலை எதுவும் இல்லாததால் கோழியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். உள்ளே எஞ்சின் சத்தத்துக்கு நடுவில் இன்னொரு சத்தம் கேட்டது. ஆண் குரல். பத்து மாதமோ பதினோரு மாதமோ உள்ளே கிடந்தது, நல்லெண்ணெய்போல விட்டு விட்டு வந்தது. நாகலட்சுமி சமையலறை ஜன்னலில் நின்று என்னைப் பார்த்தாள். பேசாத விரதத்தில் இருந்ததால் புருவத்தை மட்டும் உயர்த்தினாள். நான் தலையாட்டினேன்.

மறுநாள் மூன்றாம் குழாயின் முனையில் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரைக் கழற்றினோம். உள்ளே மெழுகுபோல எள்ளுப் பிசின். கழுவி மாட்டியதும் நாலு சிலிண்டரும் ஒரே சீராக ஓடின. டாங்கில் மீதி இருந்த நல்லெண்ணெய் தீரும்வரை அவர்கள் இருவரும் அந்தப் பிக்கப்பில் ஊரைச் சுற்றினார்கள். லிட்கம்வரை போய்த் திரும்பினார்கள். போன இடமெல்லாம் ஜன்னல் திறந்தது. ஸ்டீயரிங்கும் கியரும் அவருடைய இடது கைக்கு. வலது கை மடிக்குக் குறுக்கே நீண்டு, இடப்பக்கம் இருந்த கமலினியின் கையைப் பிடித்திருந்தது. எங்கள் வீட்டு முன்னால் நிறுத்தி இறங்கி வந்து, அதே வலது கையால் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "உங்கட கை சொரசொரப்பு, பழனியண்ணை" என்றார். அந்தப் பிடியில் என் சுண்டுவிரல் கோணியது, இன்றைக்கும் நிமிரவில்லை.

அரியரத்தினத்துக்கு வலது கை கிடையாது. எழுபத்தேழு ஆவணியிலேயே ஊர் ஆஸ்பத்திரியில் முழங்கையோடு எடுத்துவிட்டார்கள். மற்றதெல்லாம் நான் சொன்னபடிதான், நம்பாதவர்கள் வந்து என் சுண்டுவிரலைப் பார்க்கலாம்.